நேவிஸின் பங்கு மீன்

சேசு மரி சூசை துணை

ராயபுரம், 12-8-1973

அன்புள்ள ஃப்ளோரன்ஸுக்கு,

நானும் மகன் நேவிஸும் சுகம். நீயும் கைப்பிள்ளையும் சுகந்தானே? மாமாவுக்கு இருமல் குறைந்ததா?

நேவிஸ் வாசலைத் தாண்டி ஓடுவது, தூத்துக்குடியில் நாம் நினைத்தமாதிரி குறும்பு இல்லையாம். இழுக்கவும் தூக்கவும் அவன் உடம்பு கேட்கிறதாம். ஓடுகிற நேரத்துக்கு முன்னாலேயே கனமான வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் மிஸ் சொன்னார். அதனால் தினமும் சாயங்காலம் கரைவலைக் கயிறு இழுக்கக் கூட்டிப்போகிறேன். இழுத்து முடித்தால் பிறகு என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

நேற்று ஹார்பரில் வேலை முடிய நேரமாகிவிட்டது. பதறாதே, பக்கத்து வீட்டு ஆலிஸக்கா அசந்த நேரத்தில் கதவைத் திறந்து போய்விட்டான். தண்டவாளமெல்லாம் தேடிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினால், கயிற்றில் தன் வழக்கமான இடத்தில் நின்று இழுத்துக்கொண்டிருக்கிறான். வலைக்காரர் கிருஷ்ணப்பன் அவனுக்கு ஒரு பிடி மீன் கொடுத்தார். நான் வேண்டாமென்றேன். "இன்னா நைனா, கயிறு இஸ்தவனுக்குப் பங்கு குடுக்காம வுடுவாங்களா?" என்றார். குழம்பு நான்தான் வைத்தேன். புளி அதிகம், ஆனாலும் சட்டியை வழித்துவிட்டோம்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒன்று மறந்துவிட்டேன். இறுக்கிப் போர்த்தினால் அவன் நன்றாகத் தூங்குகிறான். உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். அவனுக்காகத்தான் கேட்கிறேன்.

இக்னேஷியஸ்