போ என்றால் அழகன்

அக்கா,

உங்கள் எஷார்ப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். பிரான்சிலிருந்து நீங்கள் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தீர்களே, அந்த நீலக் கம்பளித் துண்டுதான். எத்தனை முறை சோப்பு போட்டாலும் நாய் வாடையும் மருந்து வாடையும் விடவில்லை. போன மழைக்காலம் முழுக்க இதைப் பிஜூவின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துத்தான் அவனை நடக்க வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால், "ஏண்டி, நாய்க்குக் கட்ற துணியா இது?" என்று ஒரு கத்து கத்திவிட்டு, அப்புறம் நீங்களே ஒரு முனையைப் பிடித்திருப்பீர்கள்.

குப்பைத்தொட்டி ஓரம் கிடந்த சொறிநாய்க் குட்டிக்குப் பிரெஞ்சில் நகை என்று பேர் வைத்தது இந்த நெல்லித்தோப்பிலேயே நீங்கள் ஒருவர்தான். பிஜூ என்றதும் ஏதோ மலையாளத்தான் பேர் என்றே தெருவில் நினைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது அந்த ஊரில் கற்ற பேச்சு. அவர் போன பிறகு இங்கே வந்து தனியாகக் குடியிருந்தீர்கள், அதைப் பேச ஆள் இல்லை. நாயிடம் பேசினீர்கள். நம் தமிழுக்கு நேர் எதிராக, அந்தப் பிரெஞ்சிலேயே அவனைப் பழக்கினீர்கள். "வா" என்றால் அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். "போ" என்றால் அழகன். அவன் சாப்பிட்டு முடித்ததும் தாடையைப் பிடித்துக்கொண்டு "போ, போ, போ" என்று கொஞ்சுவீர்கள். அவனுக்கு வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆடும். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பேன்.

"இப்பிடிப் பழக்கி வெச்சா, நாளைக்கு யார் பேச்சத்தாங்க்கா கேக்கும் இது?"

"அதுக்குத்தான்டி. எவன் வா வான்னு கூப்ட்டாலும் போயிடக் கூடாது."

ஆஸ்பத்திரியில் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான். "பிஜூவப் பாத்துக்க. அவனுக்குத் தமிழ் வராது." நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு எதிர்வீட்டை ஓர் ஆள் வாங்கினான். இடித்துக் கட்டி, கார் ஏறுவதற்கு வாசலில் சரிவாக டைல்ஸ் பதித்தான். வேப்பமர நிழல் விழும் இடம், டைல்ஸ் குளுகுளுவென்று இருக்கும், பிஜூ அங்கே போய்ப் படுத்துக்கொள்வான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஒரு மத்தியானம் அவன் அலறுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அந்த ஆள் கையில் இரும்புக் குழாய். பிஜூவின் வலது பின்னங்கால் தொடையிலிருந்து துணி மாதிரித் தொங்கியது.

"போ போன்னுதாம்மா சொன்னேன்," என்றான் அந்த ஆள். "போவல. சொல்லச் சொல்ல வால ஆட்டிக்கினு கிட்ட வருது. வெறி புடிச்ச நாயோன்னு பயந்துட்டேன்."

எனக்கு அங்கேயே உடம்பெல்லாம் எரிந்தது, அக்கா. வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. புது ஆள் ஒருவர் தன்னை அழகன் அழகன் என்று கொஞ்சுகிறார் என்று நினைத்துத்தான் அவன் வாலை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறான். கொஞ்சிய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அடி விழுந்திருக்கிறது. இதை நான் அந்த ஆளிடம் சொல்லவில்லை. தெருப்புழுதியை வாரி அவன் வாசலில் தூற்றினேன். நாசமாய்ப் போவாய் என்று தெருவே கேட்கக் கத்தினேன். "நாய்க்காகவா மண்ண வாரி விடுவாங்க?" என்று நாலு பேர் என்னைத்தான் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்தவன் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு சுவரைப் பார்த்துப் படுத்தான். சோறு வேண்டாம், பால் வேண்டாம். சாப்பிடு என்பதற்கு நீங்கள் சொல்வீர்களே, அதே மாதிரி மூக்கால் "மான்ஜ்" என்று சொல்லிப் பார்த்தேன். அரைக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு ஒரு வாய் நக்கினான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தான். முதலில் எஷார்ப்பில் தொங்கியபடி மூன்று கால். பிறகு நகம் மட்டும் தரையைத் தொட்டது. பிறகு பாதம். தையல் பிரித்த டாக்டரம்மா சின்னப் பெண், நன்றாகச் சிரிப்பாள். "இந்தக் கால ஊனிக்கினு அந்தக் காலத் தூக்கி ஒண்ணுக்கு அடிக்கட்டும், அன்னிக்கு ஃபோன் பண்ணுங்க. அதாம்மா எங்களுக்கு சர்டிபிகேட்டு," என்றாள்.

கால் தேறியது. ஆனால் ஒரு வார்த்தை தேறவில்லை. சாப்பிட்டு முடித்தவனிடம் ஆசையாக "போ" என்றேன். காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டான். எலும்பைக்கூட ஒட்டிவிட்டார்கள், அக்கா. நீங்கள் கொஞ்சிய வார்த்தையை அந்த ஆள் அடித்து நொறுக்கியதற்கு எந்த டாக்டரிடம் போவேன்? அன்று அந்த ஆளின் பெண்டாட்டி ரவிக்கைத் துணி கொடுத்திருந்தாள். அக்குளில் நன்றாகப் பிடித்துத் தைத்தேன். கை தூக்கும்போதெல்லாம் என் ஞாபகம் வரட்டும்.

ஆனாலும் தினம் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னேன், உங்கள் குரலில், மெதுவாக. பிடிவாதத்தில் சொன்னேன். அந்த ஆளுக்கு அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பிஜூ எஷார்ப் இல்லாமல் தானாகத் தெருவில் நடந்தான். காரைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஆளுக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய் ஒரு பிஸ்கட் எடுத்து வந்தான். தெருவில் எல்லாரும் பார்க்கட்டும் என்றுகூட இருக்கலாம்.

"வா, பிஜூ! வா, வா!"

பிஜூ நின்றான். பிஸ்கட்டைப் பார்த்தான். நீங்கள் பழக்கியபடியே அந்த ஆளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று முகர்ந்தான். தகடு வைத்த வலது காலை அழுத்தி ஊன்றி, இடது காலை உயரத் தூக்கினான். இப்போதுதான் கழுவிய சக்கரம், அக்கா. எவ்வளவு நேரம்! நான் எதிர்வாசலில் நின்று ஒரு சொட்டு விடாமல் பார்த்தேன். இத்தனை நாள் எரிந்த வயிறு அப்படிக் குளிர்ந்தது.

"வான்னா போவுது, இன்னா நாயிம்மா இது?" என்றான் அந்த ஆள். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், "ஐயோ, தெரியாமப் போச்சே" என்பான். அந்த ஒரு சொல்லில் கையைக் கழுவிக்கொள்வான். அந்த வசதியை என் உயிர் உள்ளவரை அவனுக்குத் தரமாட்டேன். நீங்கள் மன்னித்துவிடச் சொல்லும் ஆளும் இல்லை, எனக்குத் தெரியும்.

பிஜூ காலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். அந்த ஆளின் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"போ!"

ஒரு கணம் காது மடங்கியது. பிறகு நிமிர்ந்தது. வாலோடு இடுப்பும் ஆட, நான்கு காலும் தரையில் பாவ, என்னிடம் ஓடி வந்தான்.