மூலையில் மாறிய சூட்டு எண்

2007, ஆடி வெள்ளி

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் மாறும்போதெல்லாம், அண்ணன் கேமில் ஓட்டிய ரேஸ் கார் ஒரு கணம் நின்றது.

தறியில் பட்டு இழை பறக்கும் என்று எங்கள் அறையில் ஃபேன் போடுவதில்லை. கம்ப்யூட்டர் சூடேறிவிடுமே என்று பயந்துதான் அண்ணன் அந்தச் சூடு பார்க்கும் சாஃப்ட்வேரைப் போட்டிருந்தான். இப்போது கார் நின்று நின்று போவதால், உள்ளே படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைத்து, நாளை வேலூரில் கம்ப்யூட்டரையே விற்கப் போகிறானாம். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூச்சத்தை விட்டுச் சொன்னேன்.

“அண்ணா, அந்த நம்பர் மாறச்சொல்லதான் கார் நின்னு நின்னு போவுது. அத்த மூடிப் பாரேன்.”

“எட்டாவதோட நின்னவ எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று சிரித்துக்கொண்டே மூடினான். கார் எங்கும் நிற்காமல் பறந்தது.

“வாத்தியாரம்மா!” என்று என் தலையில் தட்டினான். “சரி, இனிமே சூடு ஏறினா?”

நான் ஓலை விசிறியை எடுத்து, தறிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்கு வீசினேன்.