லுங்கி கட்டிய மூன்று துப்பாக்கிகள்

6 ஜனவரி 2019, ஞாயிறு

சுட்டது ஐந்து தோட்டா. ஐந்தும் ஐந்து திசைக்குப் போயின. ஒன்று என் தாளிலேயே இல்லை. பக்கத்துக் குறியில் விழுந்து, அங்கே சுட்டுக்கொண்டிருந்த வங்கிக்காரருக்கு இலவசமாக எட்டுப் புள்ளி. மனிதர் எழுந்து வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பத்தேழு வயதில் உனக்கு எதற்குத் துப்பாக்கி சுடும் கிளப் என்று வீட்டில் இவர் கேட்டு இரண்டு வருஷமாகிறது. பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாரம் ஆறு நாள் பசுந்தாங் பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மற்றவர்கள் கண்ணுக்கு வில்லை தேய்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாவது என் கண்ணுக்கு ஒரு வேலை வேண்டாமா?

செயலாளர் ஊ சோ மின்ட் என் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பெண்களுக்கு மூச்சு அடங்காது, சயாமா. அதுதான் விஷயம்" என்றார் பர்மியில், டாக்டர் மாதிரி. மரியாதைக்கு இங்கே பெண்கள் சயாமா, ஆண்கள் சயா.

ஹாஜரா என் காதோரம் வந்தாள். தாகேதாவிலிருந்து வருகிற நர்ஸ். எங்கள் பெண்கள் அணியில் உண்மையிலேயே சுடத் தெரிந்த ஒரே ஆள். "மூச்சு இல்லக்கா, குழாய். உள்ள வரியெல்லாம் தேஞ்சு வழவழன்னு கெடக்கு." பெண்களுக்கென்று கிளப்பில் இருப்பது அந்த ஒரே ஒரு பாயின்ட் டூ டூ ரைபிள். அதற்கும் எனக்கும் ஒரே வயதிருக்கும்.

"நீங்களே ஒரு தடவை சுட்டுக் காட்டுங்கள், சயா" என்று பணிவாகக் கேட்டேன். சுட்டார். தாளைப் பார்த்தார். காற்று அதிகம் என்றார்.

கொடி அசையவே இல்லை.

10 ஜனவரி

கடையில் இருக்கும்போதே ஹாஜரா ஃபோன். மேலிடத்து அனுமதி வந்துவிட்டதாம்! பெண்கள் அணிக்குப் புதிதாக ஒரு ரைபிள். மார்ச்சில் தலைநகர் நேப்பிடாவில் நடக்கிற கிளப் போட்டிக்கு முன்னால் வாங்கியாக வேண்டும். தேர்வுக்குழுவில் மூன்று பேர்: செயலாளர், சுடுதளத்தைப் பார்த்துக்கொள்கிற ஊ ஹ்லா, பெண்கள் சார்பில் நான்.

"ஏன் நான்?"

"நீங்க அமைதியானவங்களாம்க்கா. செயலாளர் சொன்னாராம்."

அமைதி. இதை இவரிடம் சொன்னபோது குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

13 ஜனவரி, ஞாயிறு

குழுவின் முதல் கூட்டம். துப்பாக்கி ஏஜெண்டு ஒரு ஆல்பத்தோடு வந்திருந்தார், பெண் பார்க்க ஃபோட்டோ கொண்டு வருகிற தரகர் போல. மூன்று ரைபிள். மூன்றும் கையால் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடுகிறவை. ஜெர்மன்காரன் செய்தது ஒன்று: வால்நட் கட்டை, அதில் பூவேலை. அந்தப் பக்கத்திலேயே ஊ சோ மின்ட்டின் விரல் ஒட்டிக்கொண்டது.

"விருந்தாளி வந்தால் காட்ட ஒரு பொருள் வேண்டாமா?"

விலையைக் கேட்டேன். அதை வாங்கினால் மிச்சப் பணத்தில் மார்ச் வரைக்கும் ஆளுக்கு இருபது தோட்டாதான் வரும். ஹாஜராவுக்கு ஒரு வாரத்துக்கே அறுபது வேண்டும். பந்தலுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு சாம்பாரில் தண்ணீர் ஊற்றுகிற கல்யாண வீடு மாதிரி இருக்கிறதே என்றேன்.

அமைதியானவள் வாய் திறந்ததில் செயலாளர் கொஞ்சம் ஆடிப்போனார். அந்தச் சந்தில், "மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள், சுட்டுப் பார்த்தே முடிவு செய்வோம்" என்று சொல்லிவிட்டேன்.

ஊ ஹ்லா தலையாட்டினார். இந்த மாதத்துக்கு அவர் பேச வேண்டியது அதோடு முடிந்தது.

15 ஜனவரி

பொங்கல் வைத்தேன். "இதுக்காச்சும் குறி தவறாம சர்க்கரை விழுந்திருக்கு" என்றார் இவர். கரண்டியைக் காட்டினேன்.

20 ஜனவரி, ஞாயிறு

மூன்றும் வந்துவிட்டன. சுட அனுமதிக் கடிதத்தில் ஒரு கையெழுத்து பாக்கி, அடுத்த வாரம்தான். இன்று தொட்டுப் பார்க்கலாம், போல்ட்டை இழுத்து வெறும் விசையை அழுத்திப் பார்க்கலாம், அவ்வளவே.

பூவேலைக்காரி பளபளவென்று படுத்திருந்தாள். இரண்டாவது, செக் நாட்டில் செய்தது, பீச் மரக் கட்டை. வேறொரு கிளப் ஆறு வருஷம் சுட்டுவிட்டு விற்கிறது. மூன்றில் அதுதான் விலை குறைவு. மூன்றாவது புதுசு, விலை கிட்டத்தட்ட செக் ரைபிள் அளவே, ஆனால் முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக். வாளிக்குக் கைப்பிடி செய்து மிச்சமானதில் வார்த்தது போல் ஒரு முகம்.

நான் பீச் மரத்தை எடுத்துத் தோளில் வைத்தேன். அடடா. யாரோ நன்றாக வைத்துக்கொண்ட வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. அதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சிக்கனம், அடக்கம், உழைத்த கட்டை. கிட்டத்தட்ட நானே.

ஊ சோ மின்ட் அதைத் தொடவே இல்லை. கறுப்பை ஏஜெண்டுகூடத் தொடவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஹாஜரா சொன்னாள்: "அவரு கண்ணால சுடுறாருக்கா. ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாரு. இனி எத்தன சுட்டாலும் அந்தப் பூவத்தான் புடிக்கும் அவருக்கு."

கண்ணால் சுடுகிறார்... அப்படியானால் கண்ணைக் கட்டிவிட்டால்?

23 ஜனவரி

சந்தையில் ஒரே கட்டம், ஒரே நிறம், மூன்று லுங்கி. கடைக்காரம்மா, "மூணு மகனா?" என்றாள். "மூணு மருமகள்" என்றேன்.

தையல் மிஷினில் உட்கார்ந்து உறை தைக்கிறேன். உள்ளே கனமாகப் பழைய போர்வை. கன்னம் படுகிற இடத்திலும் துணி. விசைக்கு மட்டும் ஒரு சந்து. இவர் போட்டாதாங் படகுத்துறையில் லாஞ்சுக்கு டிக்கெட் கிழித்து முடித்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தெய்வானை, துப்பாக்கிக்கு ஜாக்கெட்டா?"

"அளவு குடுத்திருக்காங்க. கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம்."

மனிதர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

25 ஜனவரி

செயலாளருக்கு ஃபோன் செய்தேன். "சயா, விலை கூடினதை வாங்கினால் நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லுவார்கள். மூடி வைத்துச் சுட்டு, உங்கள் விரலே அதைக் கண்டுபிடித்தது என்று வந்துவிட்டால் எவன் வாய் திறப்பான்?"

"என் விரல் தவறாது" என்றார்.

அதைத்தானே கேட்டேன்.

27 ஜனவரி, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

ஊ ஹ்லா சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றுக்கும் லுங்கி உடுத்தினார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயிலிருந்து விஷயம் கசியும் என்ற பயம் யாருக்கும் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளுக்கொரு நூல். மூன்றுக்கும் ஒரே மாதிரி குறிக்கண்ணாடி. மணல் மூட்டையில் சாத்தி வைத்து, தோட்டா போடுவதும் போல்ட் இழுப்பதும் ஊ ஹ்லாவே. சுடுகிறவர் படுத்து, கன்னம் வைத்து, விசையை அழுத்தினால் போதும். செயலாளர், நான், ஹாஜரா, அணியில் இன்னும் இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் பத்து. எல்லாம் நாங்கள் எப்போதும் வாங்குகிற மலிவுத் தோட்டா.

ஊ சோ மின்ட் மூன்றையும் சுட்டுவிட்டு எழுந்தார். முகத்தில் ஒரு தெளிவு. "சிவப்பு. சந்தேகமே இல்லை. இந்த மரத்தின் உயிர் துணியைத் தாண்டிக் கன்னத்தில் தெரிகிறது." ஏஜெண்டு கை தட்டினார்.

ஹாஜரா சுட்டாள். எழுந்து, பச்சையைக் காட்டி, "இது" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கும் பச்சைதான். படுத்த உடனே தெரிந்துவிட்டது. விசை நழுவவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, நினைத்த இடத்தில் விட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "இது நம்ம செக் நாட்டு ஆள். பழகின கட்டை, கைக்குத் தெரியாதா?" என்றேன்.

ஊ ஹ்லா சிவப்பு நூலை அவிழ்த்தார். உள்ளே பீச் மரம். ஆறு வருஷம் அடிபட்டது. செயலாளர் தொட்டுக்கூடப் பார்க்காதது. இரண்டு பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வங்கிக்காரர் வைக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார். நானும்தான். நிறையவே சிரித்தேன்.

ஊ ஹ்லா பச்சையை அவிழ்த்தார்.

வாளிக் கைப்பிடி.

ஊ சோ மின்ட் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சயாமா, உங்கள் பழகின கட்டை பிளாஸ்டிக்காமே."

சிரிப்பு சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. லுங்கி தைத்தவளுக்கே லுங்கி. காது வரைக்கும் சூடேறிவிட்டது எனக்கு.

28 ஜனவரி

தாள்களைக் கடைக்கு எடுத்துப்போய், கண்மணி தூரம் பார்க்கிற ஸ்கேலால் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கம் என்று அளந்தேன். மூன்று தரம். ஐந்து பேருடையதையும் கூட்டிப் பார்த்தாலும் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே கதை. கறுப்பு முதல். பீச் மரம் அதற்கு அடுத்து, நல்ல இடைவெளியில். பூவேலை கடைசி. விலை கூடிய தோட்டா போட்டிருந்தால் அதுவும் ஒழுங்காகச் சுட்டிருக்குமோ என்னவோ. அதற்கு நாங்கள் வேறு ஆட்களாகப் பிறந்திருக்க வேண்டும்.

கறுப்பில் ஹாஜரா சுட்ட பத்து ஓட்டையையும் ஒரு சட்டைப் பித்தானால் மூடலாம். மூடிப் பார்த்தேன்.

30 ஜனவரி

செயலாளர் ஃபோன். குரலில் தேன். "சயாமா, ஒரு யோசனை. செக் ரைபிளையே வாங்கிவிடுவோம். என் விரல் சொன்னதும் அதுதான். நீங்கள் முதலிலிருந்து ஆசைப்பட்டதும் அதுதான். விலையும் குறைவு. நாம் இருவர் கை தூக்கினால் முடிந்தது."

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

பாவி மனுஷன், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அதை வாங்கினால் அவர் விரலும் தப்பும், என் கையும் தப்பும். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அதுவும் நல்ல ரைபிள்தானே? பொய்யில்லையே? நூறு தடவை சொல்லிக்கொண்டேன்... நல்ல ரைபிள்தான், நல்ல ரைபிள்தான்.

பித்தானை எங்கே வைத்தேன்?

31 ஜனவரி

ஹாஜராவிடம் கேட்டேன். "நீங்க எது சொன்னாலும் சரிக்கா" என்றாள். இப்படிச் சொல்கிறவர்களை என்னதான் செய்வது! திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

3 பிப்ரவரி, ஞாயிறு

கூட்டம். செயலாளர் செக் ரைபிளுக்குக் கை தூக்கினார். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. ஊ ஹ்லா கறுப்பைக் காட்டினார். மிச்சம் நான்.

"சயா, அந்த பீச் மரம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது பார்க்க என்னைப் போல இருந்தது. உங்களுக்குப் பூவேலை பிடித்ததும் அதனால்தான் போலிருக்கிறது. இரண்டு பேருமே ரைபிளைப் பார்க்கவில்லை. சுடப் போகிறவள் ஹாஜரா" என்று சொல்லிவிட்டுக் கறுப்புக்குக் கை தூக்கினேன்.

புன்னகை நின்ற இடத்திலேயே நின்றது. கையெழுத்துப் போட்டார். பேனா மூடியை எடுத்துக்கொள்ளாமலே வெளியே போய்விட்டார்.

ஊ ஹ்லா மூடியை எடுத்து என் கையில் கொடுத்து, "நல்லது" என்றார். வார்த்தை! முழு வார்த்தை!

17 பிப்ரவரி, ஞாயிறு

மிச்சப் பணத்தில் தோட்டா பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. கறுப்பு ஒரு சாதித் தோட்டாவைத் துப்புகிறது, இன்னொன்றைக் கொடுத்தால் சமர்த்தாகத் தின்கிறது. மலிவிலும் மலிவானதுதான் அதற்குப் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு மருமகள் எந்த மாமியாருக்கு வாய்ப்பாள்?

செயலாளர் இன்னும் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் வானத்தைப் பார்க்கிறார்.

3 மார்ச், ஞாயிறு

ஹாஜரா அறுபதும் சுட்டாள். பின்னால் யாரோ தாளில் பென்சிலால் புள்ளி குறித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஊ சோ மின்ட். என்னைக் கண்டதும் பென்சிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "வெயில்" என்றார்.

ஆமாம் என்றேன். நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

17 மார்ச், ஞாயிறு

கூட வேலை செய்கிறவளுக்குக் காய்ச்சல், ஞாயிறும் கடைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், எனக்கு லீவு கிடைக்கவில்லை. நேப்பிடாவுக்கு ஹாஜராவோடு செயலாளர்தான் போனார். காலையிலிருந்து நான் தேய்த்த வில்லைகளை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்களோ, அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு ஃபோன். அவர்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"நாலாவது, சயாமா. பதக்கத்துக்கு ரெண்டு புள்ளி குறைவு. ரெண்டே ரெண்டு." தொண்டையைச் செருமினார். "நம்ம கிளப்பில் ஆம்பளைங்க யாரும் இருபதாவது இடத்துக்குள்ளே வந்ததில்லை. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். ஹாஜரா எங்கே என்றேன். சோறு சாப்பிடுகிறாளாம், மூன்றாவது தட்டு.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரா? நான் விசாரிக்கவில்லை.

"அடுத்த வருஷம் அனுமதி வந்தால் இன்னொன்று வாங்குவோம்" என்றார். "நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் போய், இருப்பதிலேயே அசிங்கமானதாப் பார்த்து எடுப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கண்ணாடி எடுக்க வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் அவர் ஃபோனை வைக்கவில்லை.