மைலிஸின் நாற்காலிக்கு எண்ணெய் பூசும் முறை

ஸ்லீதே, கோத்லாந்து
16 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

நலம். மைலிஸின் இடுப்பு வலி மட்டும் அப்படியே. நாற்காலி எழுந்து நின்றுவிட்டது! கிளாம்ப் வாங்கிக் காசைக் கரைக்காதே, பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, பசை போட்ட கால்களைச் சுற்றி இழுத்துக் கட்டு என்று எழுதியிருந்தாயே, அப்படியே செய்தேன். மறுநாள் அவிழ்த்தால் இம்மிகூட அசையவில்லை. இடுப்பை அதிகம் மடக்காமல் உட்கார வேண்டுமே என்று இருக்கையைச் சற்று உயர்த்தியிருக்கிறேன்.

மாடியில் படுத்தபடியே அவள், நாத்தனார் என்றும் பாராமல், உன்னைக் கிண்டல் செய்கிறாள். "உங்கக்கா எழுதுறது கடுதாசியா, சமையல் குறிப்பா? பென்சில எந்தக் காதுல சொருகணும்னு மட்டுந்தான் இன்னும் சொல்லல!"

அடுத்து என்ன பூசட்டும்? வார்னிஷ் வேண்டாம் என்கிறாள். கீழே பட்டறையில் டப்பாவைத் திறந்தாலே மேலே தலை வலிக்கிறதாம்.

உன் தம்பி,
ஸ்டூரே

ஹேர்னோசாண்ட்
22 மார்ச் 1986

அன்புள்ள தம்பிக்கு,

இடது காதில் என்று மைலிஸிடம் சொல்.

உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்காதே, பள்ளம் விழும். தட்டையான கட்டைக்குத் தக்கை ஒட்டி, அதன்மேல் சுற்றிக்கொள். வளைவுகளுக்குத் தோட்டக் குழாயில் ஒரு சாண் வெட்டி அதில் சுற்று. பிறகு ஈரத்துணியால் துடை. மரத்தின் நார் மயிர்போல் எழும்பும். காய்ந்ததும் இன்னொரு முறை தேய்.

வார்னிஷ் எதற்கு? ஆளிவிதை எண்ணெய் இருக்கிறதே. பாட்டிலைச் சுடுநீரில் நிறுத்தி வைத்தால் எண்ணெய் இளகும். பழைய பருத்தித் துணியால் பூசு. கால்மணி நேரம் கழித்து வேறு துணியால் அழுத்தித் துடைத்துவிடு, இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். இரண்டு நாள் விட்டு மறுபடி. இரண்டு பூச்சு போதும். ஈஸ்டர் அன்று அவளை அதில் உட்கார வைத்துவிடலாம்.

அன்புடன்,
குன்வோர்

ஸ்லீதே
20 ஏப்ரல் 1986

அக்கா,

அடக்கத்துக்கு வந்து நான்கு நாள் என்னோடு இருந்தாய். கேட்க அப்போது வாய் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை இரண்டாவது பூச்சு முடித்தேன். துணிகளைச் சுருட்டி மேசைக்கடியில் அட்டைப் பெட்டியில் போட்டேன். மதியம் மீனும் முட்டையும் வாங்கப் போய்த் திரும்பினால் வீடு முழுக்கத் தீ. அந்த இடுப்போடு அவளால் படி இறங்க முடியவில்லை.

தீயணைப்புக்காரர் சொன்னார்: "எண்ணெய்த் துணிதான் பெரியவரே. சுருட்டிப் போட்டா தானாச் சூடேறிப் பத்திக்கும். தண்ணில முக்கி வெச்சிருக்கணும், இல்ல விரிச்சாவது காயப் போட்டிருக்கணும். யாரும் சொல்லலியா?"

நீ எழுதியிருந்தாயா அக்கா? உன் கடிதமும் எரிந்துவிட்டது. எனக்கு நினைவில்லை. நீ எழுதியும் நான் கவனிக்காமல் விட்டேன் என்றால் அவளைக் கொன்றது நான்தான்.

ஸ்டூரே

ஹேர்னோசாண்ட்
27 ஏப்ரல் 1986

என் அன்புத் தம்பி,

ஏன் இப்படி உன்னையே வதைத்துக்கொள்கிறாய்? எழுதியிருப்பேன். எப்போதும் எழுதுவதுதான். ஆனால் அவசரத்தில் யார் கண்ணுக்கும் ஒரு வரி தப்பும். உன்மேல் குற்றமில்லை. வேளைக்குச் சாப்பிடு. இங்கே வந்துவிடு, மாடியறை சும்மாதான் கிடக்கிறது.

குன்வோர்

ஸ்லீதே
11 மே 1986

அன்புள்ள அக்கா,

அப்படியென்றால் நான்தான். நீ ஒன்றையும் விடுகிறவள் இல்லையே.

வாடகை அறையில் இருக்கிறேன். யாரோடும் பேசுவதில்லை. எதற்காக எழுந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. உன் கடிதம் வந்தால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சாப்பிடுகிறேன். நான் செய்ததைத் தெரிந்தும் என்னை வெறுக்காதவள் நீ ஒருத்திதான்.

ஸ்டூரே

ஹேர்னோசாண்ட்
2 ஜூன் 1986

ஸ்டூரே,

நான் எழுதவில்லை.

சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாதென்று, உனக்கு எழுதும்போதெல்லாம் அடியில் கார்பன் தாள் வைப்பேன். மார்ச் மாதப் படி என்னிடம் இருக்கிறது. அதில் உப்புத்தாள் இருக்கிறது, சுடுநீர் இருக்கிறது. துணியை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. நாற்பது வருஷமாக மரவேலையில் நான் யோசிக்காமல் செய்வது. மூச்சு விடு என்று யாராவது எழுதுவார்களா, அப்படி விட்டுப்போயிற்று. ஏப்ரலில் நீ கேட்டபோதே அதை எடுத்துப் படித்துவிட்டேன். படித்துவிட்டுத்தான் உனக்குப் பொய் எழுதினேன். நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயந்தேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ கொலைகாரன் இல்லை. அதை மட்டும் நம்பு.

குன்வோர்

ஸ்லீதே
15 ஜூன் 1986

குன்வோர்,

மறந்ததை மன்னித்திருப்பேன். யாருக்கும் வரும். அந்த ஐந்து வாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் அவளைக் கொன்றவனாகவே படுத்து எழுந்தேன். நீ வேளைக்குச் சாப்பிடச் சொன்னாய்.

பழி பாதி இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் முன்பு அதைச் சொல்லி அழ நீ ஒருத்தி இருந்தாய்.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன். நீ எழுதாவிட்டால் இந்த நாட்களை எப்படித் தள்ளுவேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூரே