முன்பக்க இடது டயர்

மார்ச் 3, செவ்வாய்

வண்டியை விற்றுவிட வேண்டும். இந்த ஊரில் ஆள் நிற்கவே இடமில்லை, காருக்கு எங்கே போவது? இன்று காலை வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருந்தது: "இது உன் அப்பன் வீட்டு இடமா?" வண்டி அப்பன் வீட்டு வண்டிதான். இடம்தான் இல்லை.

மார்ச் 5, வியாழன்

விளம்பரம் போட்டேன். ஏழு போன். ஒருத்தன் எடுத்த எடுப்பில், "எதுக்கு விக்கிற, எங்கயாச்சும் மோதிட்டியா?" என்றான். மோதினது வீட்டோடு. மூணாவது வருஷம் காலேஜை விட்டேன், அன்றைக்கே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா வாசலில் நின்றார். போகாதே என்று சொல்வார் என நினைத்தேன். "முன்பக்க இடது டயர் வீங்கியிருக்கு. மாத்து" என்றார். அவ்வளவுதான்.

ஐந்து மாதம் ஆச்சு. டயரை மாத்தலை. சிம்மை மாற்றினேன். அவருக்கு இந்த நம்பரும் தெரியாது, இந்த ஊரும் தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

குழாய் வேலை செய்கிற ஒருத்தர் வந்தார், மனைவி, மகளோடு. "பைப்ப ஸ்கூட்டர்ல கட்டிட்டுப் போனா ஊரே ஒதுங்கி வழி விடுது தம்பி. பெரிய மனுஷன் ஆயிட்டோம்போலன்னு நெனச்சிட்டேன்." அவர் மனைவி, "போதும், சிரிச்சா விலைய ஏத்திடப்போறாரு" என்றார். மகள் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள்.

எஞ்சினுக்கு அடியில் கைவிட்டு ஒழுகுதா என்று தடவிப் பார்த்தார். குழாய்க்காரர் இல்லையா. டயருக்கு மட்டும் காலால் ஒரு தட்டு.

"டயரெல்லாம் எப்டி தம்பி?"

"இன்னும் ரெண்டு வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்ணே."

தானாக வந்தது வாயிலிருந்து. வீக்கம் உள்பக்கம். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

மார்ச் 9, திங்கள்

கொடுத்தாச்சு. ஆர்.சி. அப்பா பேரில் இருக்கிறது, பேர் மாற்றும் பாரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். நானே போட்டேன். ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டில் பழகின கை. அப்போது மாட்டிக்கொண்டு வாங்கின அறை இன்னும் காதில் இருக்கிறது.

"ரெண்டு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்க் குடுத்துட்டு வந்துடலாமே" என்றார் குழாய்க்காரர். லீவு கிடைக்காது, நீங்களே கொடுத்துடுங்கண்ணே என்றேன். என்ன லீவு? குடோன் வேலையைப் போன வாரமே விட்டாச்சு. அந்த ஆபீஸுக்குப் போனால் அப்பா எங்கே என்பார்கள்.

"இன்னொரு சாவி?"

"தேடித் தர்றேண்ணே."

மார்ச் 14, சனி

வண்டி இல்லாதது நிம்மதி. இல்லை, நிம்மதி எல்லாம் இல்லை.

மார்ச் 23, திங்கள்

சாவி பழைய ஜீன்ஸில் கிடைத்தது. குழாய்க்காரருக்குப் போன் செய்தேன். பேர் இன்னும் மாற்றவில்லையாம். "வேல தலைக்கு மேல கெடக்கு தம்பி. ஒரு நாள் வீட்டுக்கு வா, சாவியும் குடுத்த மாதிரி இருக்கும்." டயர் விஷயம் தொண்டை வரை வந்தது. "அப்புறம்?" என்றார்.

"ஒன்னுமில்லண்ணே."

ஒன்னுமில்லையாம்.

ஏப்ரல் 2, வியாழன்

குழாய்க்காரர் செத்துட்டார்.

ஏப்ரல் 3, வெள்ளி

எழுதிடணும். புதன் விடியற்காலை, பைபாஸில். டயர் வெடிச்சு லாரிக்குள்ள போயிருக்கு. தனியாத்தான் போயிருக்கார். மகள் வண்டியில் இல்லை. அவள் இல்லை.

போலீஸ் வண்டி நம்பரை வைத்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓட்டினவர் உயிரோடு இல்லை, வந்து அடையாளம் காட்டுங்கள் என்று. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே அப்போதுதான் அவருக்குத் தெரியும். கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

நேற்று மத்தியானம் குழாய்க்காரர் மனைவி என் நம்பரைக் கொடுக்க, ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் அப்பா. இரண்டு காலில் இரண்டு வேறு செருப்பு. என்னைப் பார்த்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"மொகத்தப் பாக்க வேணாம்னாங்க. காலப் பாத்தேன். உன் கால் இல்ல."

எஸ்.ஐ. வண்டிக்குள் கிடைத்த பாரத்தை நீட்டினார். "வித்ததா இதுல இருக்கு பெரியவரே. இது உங்க கையெழுத்தா?"

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது.

"ஆமா சார். நான் போட்டதுதான்."

வெளியே வந்ததும் கேட்டார். "டயர் மாத்தினியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவர் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அப்பா நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீயா போய் வாயத் தொறக்காத" என்றார். அப்பாவா இது?

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "யாராச்சும் கேட்டா மட்டும் பொய் சொல்லாதடா."

ஏப்ரல் 8, புதன்

யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த வண்டிக்கு என்று கொடுத்தேனோ. என் புத்தி. வாசலில் பழைய ஸ்கூட்டர், அதில் கட்டின கயிறு அவிழ்க்காமல் அப்படியே. மகள் பள்ளிக்கூட நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள், தலை தூக்கவில்லை.

அவர் மனைவி சாவியைக் கையில் புரட்டிப் பார்த்தார். "ஊரெல்லாம் நல்ல வண்டி, நல்ல வண்டின்னுட்டுத் திரிஞ்சாரு. நல்ல வண்டிதானே தம்பி அது?"

உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். டயர், அப்பா சொன்னது, நான் அவரிடம் சொன்ன பொய். எல்லாம்.

அவர் சாவியை என் கையில் திரும்ப வைத்தார். கதவை நான்தான் வெளியே வந்து சாத்தினேன்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "கேட்டாங்கப்பா."

"காலைல மொதல் பஸ்ஸுக்கு வர்றேன். ஸ்டேஷனுக்கு ரெண்டு பேருமா போவோம். அதுக்குள்ள எங்கயும் போயிடாத."

வீட்டை விட்டு வந்தபோது தூக்கி வந்த பை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. எடுக்கலை.