அண்ணா கொடுத்த கசோவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மருமகனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. என் முதுகில் தூங்குகிறான். இறக்கினால் விழித்துக்கொள்வான் என்று நின்றபடியே எழுதுகிறேன்.

போன வருடச் சண்டையில் நம் ஆட்கள் இவருடைய அண்ணனை வெட்டியதற்கு ஈடாக, நீங்கள் மலைக்காட்டில் பிடித்துக் கொடுத்த அந்த ஆள் உயரக் கசோவரிப் பறவை, இன்று இவருடைய தம்பி சியுனேயைக் கொன்றுவிட்டது. நான் அதற்குச் சர்க்கரைவள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். சியுனே கூண்டுக்குள் குச்சியை விட்டுக் குத்தினான்.

"பாருங்க அண்ணி, உங்க அண்ணன்தான் றெக்க மொளச்சு வந்திருக்கான். பறக்கத்தான் துப்பில்ல."

ஒரே உதை. கம்பி இடுக்கில் வந்த நகம் அவன் வயிற்றைக் கிழித்துவிட்டது. குடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடுங்க அண்ணி" என்றான். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

"கோடாரிக்குப் பதிலா பறவைய அனுப்பியிருக்கான்" என்கிறார் மாமனார். யாரும் மறுக்கவில்லை. இவரும்தான்.

பறவையைத் திரும்ப ஓட்டிப் போக வரும்படி உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். படித்தவள் நான்தானே. எழுதி முடிக்கும்வரை குழந்தையை மாமனார் தன் மடியில் வைத்திருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே இன்னும் கோடாரி தீட்டுகிறார்கள்.

அந்தக் கடிதம் நாளை மதியம் வரும். இதை ஆஸ்பத்திரி வண்டிக்காரர் காலையிலேயே தந்துவிடுவார். வராதீர்கள் அண்ணா. எங்களைக் கூட்டிப் போகவும் வராதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அதில் என் பெயர் இருக்கும். இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் அம்மா