கேட்காமல் எடுத்த படம்

அன்புள்ள அஃப்ஷீன்,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் சலாமைச் சொல்லு. அத்தாவோட முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான். கென்யாவுல இப்போ சீசன். எங்க சஃபாரி லாட்ஜ்ல ஒரு ரூமும் காலி இல்லை. நின்னுக்கிட்டே தூங்கிடுவேன் போலிருக்கு.

போன வாரம் நம்ம ஸ்ரீரங்கத்துலேர்ந்து வெங்கட்ராகவன் சாரும் அவர் சம்சாரம் சத்யபாமா மாமியும் வந்து தங்கினாங்க. பக்கத்துல இருக்கற மசாய் பழங்குடி கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருந்த பொண்ணை சார் கேட்காமலே படம் எடுத்துட்டார். அவ முகத்தை மூடிக்கிட்டா. "அழிச்சிடுங்க சார்"னேன். "உன் மேனேஜர்கிட்ட பேசிக்கறேன்"னு கத்தினார். வேலை போச்சுன்னே நினைச்சேன். மாமிதான் போனை வாங்கி அழிச்சாங்க. "நம்மாத்துப் பொண்ணை யாராவது இப்படி எடுத்தா சும்மா இருப்பேளா?"ன்னாங்க. சார் அந்தப் பொண்ணைப் பார்த்துக் கும்பிட்டார். புகார் எதுவும் பண்ணலை.

மறுநாள், இங்கேர்ந்து கடற்கரைக்குப் போறோம், அங்க எந்த பீச் ஹோட்டல் நல்லதுன்னு என்னைத்தான் கேட்டார். கூட்டமில்லாத ஒண்ணைச் சொன்னேன். நான் இன்னும் அந்தக் கடலைப் பார்க்கலை.

யாராவது இந்தப் பக்கம் வந்தா ரசப்பொடியும் தலைவலித் தைலமும் கொடுத்தனுப்பு. ஜன்னல்ல கட்ட உன் துப்பட்டா ஒண்ணும் வை. புதுசு வேண்டாம், நீ போட்டதே போதும்.

ஜீப் ஹாரன் அடிக்குது. மாமி ஊருக்கு வந்ததும் பாலக்கரைக்கு வந்து உன்னைப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. நான் எப்படி இருக்கேன்னு அவங்ககிட்ட கேட்டுக்கோ. நான் எழுதினா நல்லா இருக்கேன்னுதான் எழுதுவேன்.

உன் இம்தியாஸ்